தண்ணி ஊத்துகிறவளின் தலைசுற்றல்

எங்கள் பக்கத்தில் பிரசவமான வீட்டுக்குப் போய்ப் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வருகிற வேலைக்குத் தண்ணி ஊத்துறது என்று பெயர். தெலுங்கு வீடுகளிலும் அவர்கள் பாஷையில் அதையேதான் சொல்வார்கள். சித்தூரில் பத்தொன்பது வருஷம் நான் அந்த வேலை செய்தேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்துக்குள் மூன்று வீடு, சில மாசம் நான்கு வீடு. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவளுக்கு அது மரியாதையான வேலை. பிள்ளை பெற்றவளும் அவளுடைய அம்மாவும் நான் வருகிறேனா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

தாழ்ந்த மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்ட வேண்டும். கால்களைச் சேர்த்து வைத்தால் நடுவில் ஒரு பள்ளம் வரும். எண்ணெய் தேய்த்த குழந்தையை அந்தப் பள்ளத்தில் முதலில் குப்புறப் போட்டு முதுகு, பிறகு மல்லாத்தி நெஞ்சு, கடைசியில் தலை. ஒரு கை எப்போதும் குழந்தை மேலேயே இருக்கும், இன்னொரு கை சொம்பை எடுக்கும். குனிந்த தலை கால் மணி நேரத்துக்கு நிமிராது. பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது இல்லையா, அது நிற்கிற வரைக்கும் அதன் கழுத்து என் உள்ளங்கைதான். இதை நானே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பிறவியிலேயே பயம் ஜாஸ்தி. கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஜாதி. வீட்டுக்காரர் பால் வண்டி ஓட்டுகிறார். வருவதற்குக் கொஞ்சம் நேரமானால் போதும், வண்டி எந்தப் பள்ளத்தில் கிடக்கிறதோ என்று மனசில் ஒரு படமே ஓடிவிடும். ஆனால் குழந்தையைக் காலில் போட்ட பிறகு அந்தப் பயமெல்லாம் எங்கே போகும் என்று தெரியாது. ஒரு நாளில் நான் நிம்மதியாக இருந்தது அந்த மூன்று கால் மணி நேரம்தான்.

போன வருஷம் ஒரு காலையில், எழுந்திருக்கலாம் என்று வலது பக்கம் புரண்டேன். அறை சுழன்றது. ஃபேன் ஓடவில்லை, ஃபேனைச் சுற்றிக் கூரை ஓடியது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். இருபது மூச்சு விட்டிருப்பேன், நின்றுவிட்டது.

"இன்னா, கனவுல ராட்டினம் ஏறினியா?" என்றார் அவர்.

"ஏறி எறங்கியும் வந்துட்டேன். நீங்க போய் வண்டிய எடுங்க."

அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் மறுநாளும் வந்தது. அண்ணாந்து பரணில் டப்பா எடுத்தால் வந்தது, குனிந்து நிமிர்ந்தால் வந்தது. நான் ஒரு கணக்குப் போட்டேன். காலையெல்லாம் வெந்நீர் ஆவியிலும் சாம்பிராணிப் புகையிலும் கிடக்கிற உடம்பு, தலையில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது. நீர்க்கோவை மாத்திரையை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டேன். தலைக்குக் குளிப்பதை நிறுத்தினேன். எந்த வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலை சுற்றுகிறவள் கையில் யார் குழந்தையைக் கொடுப்பார்கள்?

இதை எழுதும்போது இந்த இடத்தில் என் கை நிற்கிறது. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் போனேன்.

அப்போது போய்க்கொண்டிருந்த ஒரு வீட்டில் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது திருச்சானூரில். பெண் குழந்தை, எட்டாம் மாசத்திலேயே பிறந்துவிட்டது, பஞ்சு மாதிரி இருந்தது. இருபத்து மூன்றாம் நாள். முதுகை முடித்து மல்லாத்திப் போட்டேன். அந்தப் பெண் துண்டு எடுக்க உள்ளே போனாள். சொம்பு வலது பக்கம் கொஞ்சம் தள்ளி இருந்தது. குனிந்திருந்த தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் திருப்பினேன்.

சுவர் போயிற்று. எதையாவது பிடிக்க வேண்டும் என்று இரண்டு கையும் தானாகத் தரைக்குப் போயின. இரண்டு கையும். குழந்தை மேல் இருக்க வேண்டிய கையும். கால் விலகி, எண்ணெய் உடம்பு வழுக்கி, குழந்தை மணை விளிம்பில் இறங்கியது. தலை மரத்தில் பட்ட சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. மேசை மேல் எலுமிச்சம்பழம் வைத்தால் கேட்குமே, அவ்வளவுதான்.

எடுத்துவிட்டேன். கண் தெரியாமலே எடுத்தேன். குழந்தை வீறிட்டது. அந்தப் பெண் துண்டோடு ஓடி வந்தாள்.

"இன்னா ஆச்சும்மா?"

"மூக்குல தண்ணி பூடுச்சு கண்ணு. ஒண்ணுமில்ல."

அந்தப் பொய்யைத் தேடவே இல்லை, அதுவாகவே வாயில் தயாராக இருந்தது. துடைத்தேன், பவுடர் போட்டேன், சாம்பிராணி காட்டினேன். அவளிடம் கொடுத்ததும் குழந்தை பால் குடித்துத் தூங்கிவிட்டது. மறுநாளும் போனேன். பார்க்கத்தான் போனேன். நன்றாகக் குடிக்கிறதா, ஒன்றுக்குப் போகிறதா, சத்தம் கேட்டால் முழிக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த வீட்டோடு எல்லா வீட்டையும் விட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாசங்களை எப்படிச் சொல்வது. படுத்தால் சுற்றுகிறது என்பதால் படுப்பதையே விட்டேன். சுவரில் தலையணையை நிறுத்தி, உட்கார்ந்தபடி தூங்கினேன். தலையைத் திருப்பினால் சுற்றுகிறது என்பதால் திருப்புவதில்லை. யாராவது கூப்பிட்டால் பீரோவை நகர்த்துகிற மாதிரி முழு உடம்போடு திரும்புவேன். கழுத்து மரக்கட்டை ஆகிவிட்டது. பின்மண்டையிலிருந்து தோள்பட்டை வரைக்கும் ஒரு வலி, சட்டி அடியில் கிடக்கிற தணல் மாதிரி, ஊதாமலே எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊரில் சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர், இதெல்லாம் ஒரு திருப்புதான் என்று என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். அங்கேயே வாந்தி எடுத்தேன். அதன் பிறகு சோற்றுத் தட்டைக் குனிந்து பார்க்கவும் முடியவில்லை, தட்டைத் தூக்கிப் பிடித்துத் தின்றேன்.

அதெல்லாம் உடம்பு. அதற்குள்ளே இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைக்குக் கழுத்து நின்றதா?

குழந்தைக்கு மூன்றாம் மாசம் முடிகிற சமயம், சுவரைப் பிடித்துப் பிடித்து அந்தத் தெருவுக்கு நடந்தேன். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் அருகில் நின்றாள். குழந்தை தலையை அவள் தோளில் சாய்த்தே வைத்திருந்தது.

"கழுத்து நின்னுச்சா கண்ணு?"

"இன்னும் இல்லம்மா. மாசம் கொறைஞ்சு பொறந்துச்சு இல்ல, கொஞ்சம் லேட்டாவும்னாங்க. நீங்க இன்னா இப்படி எளைச்சுட்டீங்க?"

"தலை சுத்துது."

"ஒடம்பப் பாத்துக்கோங்க. அடுத்த வாரம் நாங்க திருச்சானூரு போறோம்."

போய்விட்டார்கள். எனக்கு இனிமேல் எட்டிப் பார்க்க ஒரு தெருவும் இல்லை.

நாங்கள் பழைய மிஷன் கோயிலைச் சேர்ந்தவர்கள். நான் இந்த அளவுக்கு எழுதுவதே அங்கே வேதம் வாசித்துப் பழகியதால்தான். மாசத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. எல்லோரும் எழுந்துபோய் முன்னால் முட்டி போட்டு அப்பமும் ரசமும் வாங்குவார்கள். மனசில் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் போகவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் போதகர் ஐயருடைய மனைவி, நாங்கள் ஐயரம்மா என்று கூப்பிடுவோம், ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா, மேல வரல?"

"முட்டி போட்டுக் குனிஞ்சா தலை சுத்துது ஐயரம்மா."

உண்மைதான். சுற்றியது. ஆனால் நான் போகாததற்குக் காரணம் அது இல்லை. ஒரு உண்மையைக் கொண்டு இன்னொன்றை மூடிக்கொண்டேன். அடுத்த மாசமும் அப்படித்தான், அதற்கடுத்த மாசமும்.

ஐயரம்மா விடுகிறவர் இல்லை. அவருக்கும் இதேபோல் வந்ததாம், திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து மாத்திரை இல்லாமல், தலையைத் திருப்பி வைத்தே சரி செய்தார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. தலையைத் திருப்பின கதையை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். ஆனால் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். ஒரு நாள் லீவு போட்டு என்னை பஸ்ஸில் ஏற்றினார். சந்திரகிரி வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

"மலை தெரியுது பாரு" என்றார்.

"எனக்கு எல்லாமே தெரியுது, சுத்திக்கினு."

காது மூக்கு டாக்டர் பார்த்தார், விளக்கடித்தார், நிறையக் கேள்வி கேட்டார். மாத்திரை வேண்டாம், மாடிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மாடியில் பிசியோதெரபி அறை. ஒரு நீளக் கட்டில், சுவரோரம் பிடித்து நடக்கக் கம்பி, முழு ஆள் உயரக் கண்ணாடி. அங்கே பயிற்சி கொடுக்கிற அம்மாளுக்கு முப்பது வயசு இருக்கும். தெலுங்குக்காரர், என்னிடம் தமிழில் பேசப் பார்த்தார்.

"எப்போ சுத்துது? நடக்கும்போதா, படுக்கும்போதா?"

"வலது பக்கம் பொரண்டா மேடம்."

"எவ்ளோ நேரம்?"

"இருவது மூச்சு."

அவர் என்னைப் பார்த்தார். "மூச்சு எண்ணினீங்களா? நல்லது. பயந்தவங்கதான் நல்லா எண்ணுவாங்க."

காதுக்குள்ளே தூள் மாதிரி சின்னச் சின்னக் கல் இருக்குமாம். நாம் நேராக இருக்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்று அதுதான் மூளைக்குச் சொல்லுமாம். அது இடம் மாறி, பக்கத்தில் இருக்கிற வளைந்த குழாயில் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் உருளும். ஆள் சும்மா இருப்பான், மூளை மட்டும் ஆள் சுற்றுகிறான் என்று நம்பும். அந்தத் தூளை வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் என்றார். எனக்கு உடனே என்ன தோன்றியது என்றால், குளிப்பாட்டி முடித்து எத்தனை குழந்தைகளின் காதில் இருக்கிற தண்ணீர் வெளியே வரட்டும் என்று ஊதியிருப்பேன். இப்போது டாக்டர்கள் ஊதக் கூடாது என்கிறார்கள். யார் யார் காதில் என்னென்ன இடம் மாறியதோ.

கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்தார். என் தலையைப் பாதி வலது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "இப்போ சட்டுன்னு படுக்க வைப்பேன். தலை கட்டிலுக்கு வெளிய தொங்கும். என் கையில இருக்கும், விடமாட்டேன். சுத்தும். கண்ண மூடக் கூடாது."

படுக்க வைத்தார். நாலு மாசமாக நான் எதற்குப் பயந்து சுவரில் சாய்ந்து தூங்கினேனோ அது மொத்தமாக வந்து மேலே விழுந்தது. கையை உதறிக்கொண்டு எழுந்து, செருப்புகூடப் போடாமல் வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்காரர் பெஞ்சில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா? அதுக்குள்ளவா?"

"போலாம் வாங்க."

"செருப்பு எங்க?"

அதற்குள் அந்த அம்மாளே என் செருப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சுத்தினா நல்லதும்மா. எந்தப் பக்கம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க கண்ணு ஆடுச்சு, நான் பார்த்தேன். இன்னும் அஞ்சு நிமிஷம்தான். இப்போ போனீங்கன்னா ராத்திரியும் உக்காந்துதான் தூங்குவீங்க."

திரும்பிப் போனேன். மறுபடி அதே மாதிரி. சுற்றியது. அவர் கை என் பின்மண்டையைத் தாங்கியிருந்தது. அப்படித் தாங்குகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் செய்த வேலை அது. சுற்றல் அடங்கும்வரை அசையாமல் இருந்தார். பிறகு மெதுவாகத் தலையை இடது பக்கம் திருப்பினார். காத்திருந்தார். பிறகு உடம்போடு இடது பக்கம் ஒருக்களிக்க வைத்து, மூக்கு தரையைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பினார். காத்திருந்தார். பிறகு காலைத் தொங்கப் போட்டு உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து. அந்தத் தடவை வலது பக்கம் தொங்கியபோது கூரை லேசாக ஒரு தரம் ஆடிவிட்டு நின்றது.

அன்று சாயங்காலம் வீட்டில் கட்டிலில் மல்லாந்து படுத்தேன். வலது பக்கம் புரண்டேன். ஒன்றுமில்லை. திரும்பவும் புரண்டேன். ஃபேன் ஃபேனாகவே இருந்தது. அழுதேன். சந்தோஷம் என்று நினைத்து அவர் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். ஐந்து நிமிஷத்தில் தீர்கிற ஒன்றை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தையைக் காலில் போட்டேனே என்று அழுதேன். முன்னாலேயே ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன், தலையணை நனைகிற வரைக்கும்.

கழுத்துக்கு ரெண்டு மாசம் அந்த அம்மாளிடம் போய்வந்தேன். சூடு ஒத்தடம் வைப்பார், விரலால் தடவிப் பார்ப்பார், நான் சொல்லாமலே வலிக்கிற இடத்தில் வந்து நிற்பார். முரட்டுத்தனமாகத் திருப்புகிற வேலை இல்லை. "சுத்துமோன்னு பயந்து நீங்க தலையப் பூட்டி வச்சீங்க. சாவி தொலைஞ்சுபோச்சு. கொஞ்சம் கொஞ்சமாத் தெறக்கலாம்" என்பார். மோவாயை உள்ளே இழுத்துப் பத்து எண்ணுவது, தோளைச் சுழற்றுவது. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்ணை அதிலேயே வைத்துத் தலையை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுவது. தரையின் டைல்ஸ் கோட்டில் குதிகாலோடு விரல் ஒட்ட நடப்பது. கொஞ்சம் தள்ளாடினால்தான் உடம்பு கற்றுக்கொள்ளும் என்றார். ஒரு வாரத்தில் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துச் சாப்பிட்டேன். ஒரு மாசத்தில் தோளில் எரிந்தது அணைந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சந்திரகிரி மலையைத் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தலை சுற்றுகிறவரை நான் நோயாளி. நோயாளியை யாரும் எதுவும் கேட்பதில்லை. இப்போது நான் யார்?

அடுத்த முதல் ஞாயிறு, ஐயரம்மா என் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். "இப்போ முட்டி போடலாம் இல்ல? வா, சேர்ந்து போலாம்." எழுந்தேன். நடுவழி வரைக்கும் போனேன். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தலை சுற்றுகிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சுற்றவில்லை. நடித்தேன். நாலு பேர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதை வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்காரர் பயந்துபோய் அந்த வாரமே திருப்பதிக்குக் கூட்டிப்போனார். நடந்ததை அந்த அம்மாளிடம் அவரே சொல்லிவிட்டு, வெளியே போய் உட்கார்ந்தார். அந்த அம்மாள் என்னைப் பழையபடி கட்டிலில் உட்கார வைத்து, வலது பக்கம் படுக்க வைத்தார், இடது பக்கம் படுக்க வைத்தார். நான் கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சுத்துது மேடம்" என்றேன்.

அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுப்பி உட்கார வைத்தார்.

"சுத்தினா கண்ணு ஆடணும்மா. உங்களுக்கு ஆடல. அது யாராலயும் நடிக்க முடியாது." கோபம் இல்லை அவர் குரலில். "என்ன ஆச்சு? வீட்டுல ஏதாவது பிரச்சனையா?"

நான் கேட்டேன், "இவ்ளோ ஒசரத்துல இருந்து," கையால் கணுக்கால் உயரம் காட்டினேன், "பச்சக் கொழந்த மரத்து மேல விழுந்தா இன்னா ஆவும்?"

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. யாரு குழந்தை?"

"தெரிஞ்சவங்க."

"டாக்டர்கிட்ட சொன்னாங்களா?"

"அவங்களுக்கே தெரியாது. மூணு மாசத்துலயும் கழுத்து நிக்கல."

அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "சொல்லிடுங்கம்மா" என்றார். "விழுந்ததால இருக்கலாம், இல்லாம இருக்கலாம். பாக்குற டாக்டருக்குத் தெரியாம இருக்கக் கூடாது. இதுக்கு என்கிட்ட எந்தப் பயிற்சியும் இல்ல."

வெளியே வந்து வீட்டுக்காரரிடம், திருச்சானூரில் தெரிந்த வீடு ஒன்று இருக்கிறது, நீங்கள் பஸ் ஸ்டாண்டில் இருங்கள் என்றேன். ஷேர் ஆட்டோ ஏறினேன். பத்மாவதி அம்மன் கோயில் குளத்துப் பக்கம், மாப்பிள்ளை வளையல் கடை வைத்திருக்கிறார் என்று அந்தப் பெண் முன்பு சொன்னது ஞாபகம் இருந்தது. மூன்று கடையில் விசாரித்ததில் வீடு கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தால் நல்லது என்று கதவைத் தட்டும்போது நினைத்தேன்.

"அட, நீங்களா? உள்ள வாங்கம்மா." அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். "தலை சுத்தல் சரியாயிடுச்சா? முகம் தெளிஞ்சிருக்கு."

"ஆயிடுச்சு கண்ணு."

பாயில் குழந்தை மல்லாந்து கிடந்தது. ஏழு மாசம். நல்ல நிறம், கொழுகொழு கன்னம். என்னைப் பார்த்துச் சிரித்தது. அவள் அதன் இரண்டு கையையும் பிடித்து மெல்லத் தூக்கினாள். உடம்பு வந்தது. தலை வரவில்லை, பின்னால் தொங்கியது. சட்டென்று கையை அடியில் கொடுத்துத் தாங்கிப் படுக்க வைத்தாள்.

"இப்படித்தாம்மா இருக்கு. வாரம் ரெண்டு நாள் பயிற்சிக்குத் தூக்கினு போறேன். கொஞ்சம் கொஞ்சம் பரவால்லன்றாங்க." குரலைத் தணித்துக்கொண்டாள். "எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொதல் கேள்வி, கொழந்த எப்பவாவது கீழ விழுந்துச்சான்னுதான். இல்ல இல்லன்னு சொல்லி எனக்கு வாயே வலிக்குது. எங்க மாமியார் நம்ப மாட்டேன்றாங்க. அம்மா வீட்டுல தூக்கத்துல போட்டுட்டு மறைக்கிறேன்னு நெனச்சுக்கினு இருக்காங்க. வாய் விட்டுச் சொல்றதில்ல. ஆனா பாப்பாவ என்கிட்ட தனியா விடறதில்ல இப்போ."

அவள் பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு சொன்னேன். இருபத்து மூன்றாம் நாள், துண்டு எடுக்க நீ உள்ளே போனாய், எனக்குத் தலை சுற்றியது, கையை விட்டேன், மணையில் தலை பட்டது, மூக்கில் தண்ணீர் என்று பொய் சொன்னேன். இவ்வளவும் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. ஆறு மாசத்துக்கு மேல் சுமந்தது, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

அவள் அழவில்லை, திட்டவில்லை. எழுந்து உள்ளே போய் மாமியாரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் என்னிடம். "இவங்களுக்குத் தமிழ் சரியா வராது. தெலுங்குல சொல்லுங்க. நான் போடலன்னு சொல்லுங்க."

தெலுங்கில் சொன்னேன். அது எனக்குக் கடைத்தெரு பாஷை, கீரைக்கும் ரேஷனுக்கும் பேசுவது. அதில் இதைச் சொல்ல நல்ல வார்த்தையாக ஒன்றும் கிடைக்கவில்லை. பிட்ட படிப்போயிந்தி, குழந்தை என் கையிலிருந்து விழுந்துவிட்டது, இந்தப் பெண்ணுக்குத் தெரியாது, நான் பொய் சொன்னேன், அவ்வளவுதான் சொல்ல வந்தது. மாமியார் முழுதும் கேட்டார். "எப்புடு?" என்றார். எப்போது என்று சொன்னேன். மருமகளைப் பார்த்தார். மருமகள் அவரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து குழந்தையை எடுத்து மருமகள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் போனை எடுத்து டாக்டரிடம் பேசினாள். பாதியில் போனை என்னிடம் நீட்டினாள். எவ்வளவு உயரம், எந்த இடத்தில் பட்டது, உடனே அழுததா, மயங்கியதா, வாந்தி எடுத்ததா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு கேள்விக்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த டாக்டர், திங்கட்கிழமை கூட்டி வரச் சொல்லுங்கள், தலைக்கு ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம், இதனால்தான் என்று இப்போது சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"சரி, நீங்க கிளம்புங்க" என்றாள்.

எழுந்தேன். தலை கொஞ்சமும் ஆடவில்லை, கால் தரையில் நேராக நின்றது. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினேன்.

"படம் எடுத்து இன்னா சொன்னாங்கன்னு எனக்கு ஒரு வார்த்தை போன்ல சொல்லு கண்ணு."

அவள் குழந்தையின் தலைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கதவை அவள் சாத்தும்வரை நின்றுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஆட்டோவுக்காக ரோட்டுக்கு வந்தேன்.